காலி வீட்டுக்கு வரி எதற்கு?

கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவனை இந்த உலகம் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை. அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டுத்தான் நான் நாசமாய்ப் போனேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்த வயதில் புத்தி இருந்திருக்க வேண்டும். இல்லை. அதற்கு நான் யாரைக் குறை சொல்ல?

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாய் முளைத்துக்கொண்டிருந்த சமயம். கோப்பை, சாஸர், கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் குமிழ் என்று சூளைக்குச் சூளை வெந்து இறங்கும். நான் ஒரு தனியார் கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். சூளையிலிருந்து இறங்குகிற கோப்பையை எடுத்து விரலால் சுண்டுவேன். கணீர் என்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட என் காதுக்குக் கேட்கும். (மனுஷன் பேச்சில் இருக்கிற விரிசல் மட்டும் கேட்காது. அதற்குச் சம்பளம் தரவில்லை.)

எனக்கு ஜங்ஷன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சொந்த வீடு இருந்தது. பெண்ணாடத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று என் அப்பா கட்டியது. கட்டி முடித்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அண்ணனோடு பெண்ணாடத்திலேயே இருந்துவிட்டாள். நான் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கம்பெனி ஆட்கள் இரண்டு பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். பட்டறைகளுக்கு ஆள் வந்து குவிந்ததால் ஊரில் வாடகை வீட்டுக்கு அடிதடி. மாட்டுக் கொட்டகைக்குக் கதவு வைத்தால் அதற்கும் நாலு பேர் அட்வான்ஸ் தருவார்கள். இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படி வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கெல்லாம் வரிக் கணக்கு எழுதித் தந்தவர் கலியமூர்த்தி அண்ணன். எங்கள் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அந்தத் தொழிலுக்கென்று ஒரு பரீட்சையும் எழுதினவர் இல்லை. ஆனால் ஊரே அவரை 'ஆடிட்டர்' என்று கூப்பிட்டது. யாரிடமும் காசு வாங்க மாட்டார். நாலு பேர் முன்னால் "எல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்று சொன்னால் போதும், மனுஷனுக்கு முகமெல்லாம் எண்ணெய் தேய்த்த மாதிரி ஆகிவிடும். அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், வாடகையில் இரண்டு உண்டு என்பது. கையில் வாங்குவது கைவாடகை. வரி ஆபீஸில் காட்டுவது கணக்கு வாடகை. கணக்கு வாடகை, கைவாடகையில் பாதிதான் இருக்கும். வாடகையை வைத்துத்தான் வீட்டு வரி போடுவார்கள் என்பதால், ஊரில் பாதிப் பேர் இந்தப் பாடத்தில் தேறியிருந்தார்கள். நானும் தேறினேன்.

இந்த நேரத்தில் எனக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் வசந்தா. அவள் அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஊர் ஊராக மாற்றலாகி, ஆயுள் முழுக்க வாடகை வீட்டிலேயே இருந்தவர். என் சம்பளம் என்ன, பழக்கவழக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வூடு சொந்த வூடுதானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"வேற யாரும் பங்கு இருக்காங்களா?"

"இல்லீங்க, எம் பேர்லதான் இருக்குது."

அவர் மகள் இருந்த உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இவ பொறந்து இருபது நாளுகூட ஆவல, திட்டக்குடியில வூட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். நல்ல மழை. பச்சக் கொழந்தைய மொறத்துல வெச்சு, மேல சாக்கப் போட்டு மூடித் தூக்கிட்டு வந்தோம். எம்பொண்ணு சொந்த வூட்டு வாசல்ல கோலம் போடணுங்க. நான் கேக்குறது அது ஒன்னுதான்."

எனக்கு ஒரே பெருமை. "கவலையே படாதீங்க மாமா" என்றேன். தேதி குறிப்பதற்கு முன்னாலேயே மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். அவரும் சிரித்தார்.

தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. என் வீட்டில் குடியிருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி ஐப்பசியிலேயே காலி பண்ணச் சொன்னேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஓடு மாற்றி, வெள்ளையடித்து, பொங்கல் கழிந்ததும் பெண்டாட்டியோடு குடிபோக வேண்டியது. அவ்வளவுதான் வேலை. இதை ஒழுங்காகச் செய்ய ஒரு குழந்தையால்கூட முடியும்.

ஒரு நாள் கம்பெனி வாசல் டீக்கடையில் கலியமூர்த்தி அண்ணன் கேட்டார்.

"வூட்டக் காலி பண்ணிட்டியாமே தம்பி?"

"ஆமாண்ணே. கல்யாணம் முடிஞ்சு நாங்கதான் போறோம்."

"அதுவரைக்கும் சும்மாதான் கெடக்குதா?"

"சும்மாதாண்ணே கெடக்குது."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலி வூட்டுக்கு எதுக்குய்யா வரி? உனக்கென்னா பைத்தியமா?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணன் விளக்கினார். வாடகை வீடு ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்தால் அந்தக் காலத்துக்கு வரியில் தள்ளுபடி உண்டாம். வீடு காலி என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். வரி ஆபீஸுக்கு ஒன்று, தாலுகா ஆபீஸுக்கு ஒன்று. "தாலுகா ஆபீஸு முத்திர இருந்தா வரி ஆபீஸுல மறுபேச்சு பேச மாட்டாங்க" என்றார்.

நோட்டீஸை அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓரிடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. (என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வந்த ஒரே சந்தேகம்.)

"அண்ணே, நான் குடிபோறதுக்குத்தானே காலி பண்ணேன். அத எழுதிப்புடலாமே?"

"எழுதின, போச்சு! சொந்தத்துக்குன்னா தள்ளுபடி கெடையாது. வாடகைக்கு விடத்தான் வெச்சிருக்கேன், ஆளு கெடைக்கலன்னு எழுது."

எழுதினேன். 'மேற்படி வீட்டை வாடகைக்கு விட உத்தேசித்துள்ளேன். தக்க ஆள் கிடைக்கவில்லை.' ஊரே வீடு வீடு என்று அலைந்துகொண்டிருந்தபோது, ஆள் கிடைக்கவில்லை என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு ஆபீஸிலும் கொடுத்துவிட்டு வந்தேன். இத்தனைக்கும் மிச்சமாகப் போகிற பணத்துக்குப் பட்டுப்புடவையில் முந்தானைகூட வராது. எனக்குப் பணம் பெரிதில்லை. மாமனார் முன்னால் கெட்டிக்காரனாக நிற்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஆசைதான்.

கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பெண்ணாடம் போகும்போது வீட்டுச் சாவியைக் கலியமூர்த்தி அண்ணனிடமே கொடுத்தேன். வீடு நிஜமாகவே காலியா என்று யாராவது பார்க்க வந்தால் திறந்து காட்ட வேண்டும் அல்லவா?

கல்யாணம் ஸ்ரீமுஷ்ணத்தில். கலியமூர்த்தி அண்ணன் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்து சேர்ந்தார். தாலி கட்டி முடித்ததும் என் காதருகே வந்தார்.

"வேலை முடிஞ்சிது தம்பி. ஆபீசருங்க ரெண்டு பேரு நேர்லயே வந்துட்டாங்க. ரூம் ரூமா தொறந்து காட்டினேன். ஒரு ஈ காக்கா இல்ல பாத்துக்கங்கன்னேன். அவங்களுக்குப் பரம திருப்தி. சாவியக்கூட ஆபீஸுலயே வெச்சுக்கறோம்னு வாங்கிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

சாவியை எதற்கு வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டுமா வேண்டாமா? எனக்குத் தோன்றவில்லை. மாலையும் கழுத்துமாக மாமனாரிடம் போய் என் வரி சாமர்த்தியத்தை விலாவாரியாகச் சொன்னேன். அவர் நேர்மையான மனிதர். "அதெல்லாம் எதுக்கு மாப்ள, கட்டிட வேண்டியதுதானே?" என்றார். "உங்களுக்குத் தெரியாது மாமா, இதெல்லாம் ஒரு கணக்கு" என்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷனிடம்!

மறுநாள் காலை புறப்பட்டோம். ஒரு வேனில் நான், வசந்தா, அம்மா, மாமனார், மாமியார். பின்னால் ஒரு டிராக்டரில் கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு. பால் சொம்பை வசந்தா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில் சாவிக்காக நான் மட்டும் இறங்கி ஆபீஸுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. சரி, வெள்ளையடித்தவனிடம் இன்னொரு சாவி இருக்கிறதே என்று அதை வாங்கிக்கொண்டு சந்துக்குள் வந்தோம்.

சாவி தேவைப்படவில்லை. வீடு திறந்திருந்தது.

வாசலில் ஒரு எருமை கட்டியிருந்தது. அதன் வாலை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். கிராமத்து ஆள் மாதிரி ஒரு பெரியவர் கன்றுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் புதிதாக அடித்த வெள்ளைச் சுவரில் சாணி தெறித்திருந்தது. உள்ளேயிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. வசந்தா என்னைப் பார்த்தாள். நான் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோமா என்று பக்கத்து வீட்டைப் பார்த்தேன். பக்கத்து வீடு சரியாகத்தான் இருந்தது.

முழங்கை வரை ஈரத்தோடு, பனியன் போட்ட ஒரு மனிதர் வெளியே வந்தார். வேனையும் டிராக்டரையும் பட்டுப்புடவைகளையும் பார்த்தார். யாரோ பெரிய இடம், அவசரக் கேஸ் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வாங்க, வாங்க. மாடு எங்க?" என்றார்.

மாமனார் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையை ஒருவர் அப்படிப் பார்க்கக் கூடாது.

"நீங்க யாருங்க? இது எங்க வூடு!" என்று நான் கத்தினேன்.

"ஓனருங்களா? அடடே, வணக்கங்க! நான் மாட்டு டாக்டரு. புதுசா மாத்தல்ல வந்திருக்கேன். மூணு மாசமா வூடு கெடைக்காம சத்திரத்துல கெடந்தோங்க, பொண்டாட்டி புள்ளைங்களோட. உங்க புண்ணியம், கவர்மெண்டு இந்த வூட்ட அலாட் பண்ணிட்டாங்க." அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க ஆடிட்டரே நேர்ல வந்து தொறந்து காட்டினாரு. தங்கமான மனுஷன்!"

மறுநாள் தாலுகா ஆபீஸில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தக் காலச் சட்டப்படி வாடகை வீடு காலியானால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். மாற்றலாகி வருகிற உத்தியோகஸ்தர் யாருக்காவது தேவைப்பட்டால் சர்க்கார் அதை எடுத்துக் கொடுக்கும். எனக்கே குடியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் விட்டிருப்பார்கள். ஹெட் கிளார்க் என் நோட்டீஸை எனக்கே படித்துக் காட்டினார்.

"ஆளு கெடைக்கலன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாங்க, ஆனா அது வந்து..."

"ஆளு கெடைச்சிடுச்சு. அப்புறம் என்னா?"

"சார், எனக்குக் கல்யாணம் ஆயிருக்குது சார்."

"சந்தோஷம். வாழ்த்துக்கள்" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முதல் நாள் சந்தில் நடந்ததற்குத் திரும்புகிறேன். மாட்டு டாக்டர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் பெரிய கொடுமை. திட்டுவதற்குக்கூட வழியில்லை. அவர் பெண்டாட்டி வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்ததுதான் வந்துட்டீங்க, பால இங்கயே காய்ச்சிக்கம்மா, அடுப்பு எரிஞ்சிட்டுத்தான் இருக்குது" என்றாள். மாமனார் வேண்டாம் என்று தலையாட்டினார். கட்டிலும் பீரோவும் சந்தில் வெயிலில் நின்றன. அந்த எருமை குத்துவிளக்கை முகர்ந்து பார்த்தது. வசந்தா சொம்பைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டேயிருந்தாள், பால் திரிந்துபோகும் வரை. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. நிஜமாகவே சொல்கிறேன்.

எங்கே போவது? ஊரில் ஒரு வீடு காலியில்லை. கடைசியில் கலியமூர்த்தி அண்ணன் ஓடிவந்தார். தலையில் தலையில் அடித்துக்கொண்டார். தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையும் தாழ்வாரமும் இருப்பதாகச் சொன்னார். ஆமாம், வாடகைக்குத்தான். கைவாடகை வாங்கிக்கொண்டு கணக்கு வாடகைக்கு ரசீது கொடுத்தார். (இதற்காகவே திட்டம் போட்டுச் செய்தார் என்று என் அண்ணன் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தான். நான் நம்பவில்லை. கலியமூர்த்தி அண்ணனுக்கு அந்த அளவு புத்தி கிடையாது.)

சர்க்கார் எனக்கு வாடகை தராமல் இல்லை. ஒழுங்காக வந்தது. எந்த வாடகை? ஆபீஸ் ரெக்கார்டில் இருந்த வாடகை. நான் பாதியாகக் குறைத்துக் காட்டிய அதே கணக்கு வாடகை. என் சொந்த வீட்டுக்குப் பாதி வாடகை வாங்கி, அதோடு கையிலிருந்தும் போட்டு, அடுத்தவன் பின்கட்டுக்கு முழு வாடகை கட்டினேன். தள்ளுபடி கேட்டு எழுதியதற்கு வரி ஆபீஸிலிருந்து பதில் வந்தது: மேற்படி வீட்டில் ஆள் குடியிருப்பதால் தள்ளுபடி வழங்க இயலாது.

கலியமூர்த்தி அண்ணனிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "கவலப்படாத தம்பி. வாடகை வசூல் பண்ற செலவுன்னு ஒரு கழிவு இருக்குது, அதுல பாத்துக்கலாம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். கையில் இருந்த கோப்பையை அவர் மேல் எறியாததற்கு ஒரே காரணம், அது கம்பெனி சரக்கு.

வீட்டைத் திரும்பக் கேட்டு எழுதாத மனு இல்லை. மாட்டு டாக்டர் மாற்றலாகிப் போனார். விட்டது என்று நினைத்தேன். அடுத்து ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவருக்குப் பின் இன்னொருவர். ஆனாலும் ஊரில் அதற்கு 'மாட்டு டாக்டர் வூடு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் அப்பா நிலத்தை விற்றுக் கட்டிய வீடு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மாமனார் மாதம் ஒரு முறை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பின்கட்டில் உட்கார்ந்து மகள் போட்டதைச் சாப்பிடுவார். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை. சாயங்காலமானால் கிளம்பிவிடுவார்.

"ராத்திரி தங்கிட்டுப் போங்கப்பா" என்று வசந்தா கெஞ்சுவாள்.

"இல்லம்மா. உங்க வூட்டுக்குப் போனப்புறம் வந்து பத்து நாளு தங்குறேன்."

எழுபதுகளின் பாதியில் ஒரு மாரடைப்பில் அவர் போய்விட்டார். எங்களுக்கு வீடு திரும்பக் கிடைத்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அன்றைக்குப் பால் காய்ச்சினோம். வாசலில் கோலம் போட்டுவிட்டு வசந்தா உள்ளே வந்து, அடுப்பு மேடையில் தலையை வைத்து அழுதாள். எங்கள் இரண்டு பிள்ளைகளும் எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் முழித்தார்கள். எனக்குத் தெரியும். அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தானை விலைகூடப் பெறாத தள்ளுபடிக்காக நான் தொலைத்தேன்.

அன்றைக்கு வசந்தா ஒரு சட்டம் போட்டாள். எந்த ஆபீஸ் சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடிக்கிற ஊர் இது. அவள் சட்டத்தில் மட்டும் இன்றுவரை ஓட்டை இல்லை. இந்த வீடு ஒரு நாள்கூடப் பூட்டிக் கிடக்கக் கூடாது. எந்த நல்லது கெட்டதுக்குப் போனாலும் ஓர் ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் ஒரு நாளும் விவாதம் நடந்ததில்லை. மச்சினன் கல்யாணம், அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, திருப்பதிப் பயணம் என்று எதற்கும் நான் போனதில்லை. எங்கள் வீட்டு போட்டோ ஆல்பத்தில் என்னைத் தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டேன். அந்தச் சட்டமெல்லாம் இப்போது யார் வீட்டையும் எடுப்பதில்லை என்று என் மகன் அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் எல்லாரும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினார்கள். நான் வழக்கம்போல லுங்கியோடு வாசலில் நின்று வழியனுப்பினேன். காரில் ஏறப்போன பேத்தி, "தாத்தா மட்டும் ஏன் பாட்டி வரல? பாவம், வரட்டுமே!" என்றாள்.

வசந்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"அவரும் வந்துட்டா, நாம திரும்பி வந்து எங்கடி எறங்குறது?"